வறண்ட ஊரில் ஒரு மரப்படகு: கடற்படையின் பழைய 14 அடி டிங்கியைச் சரிசெய்து பாய் விரிப்பது

மரப்படகு கடலில் கெடுவதைவிட மதுரை வெயிலில் சீக்கிரம் கெடும். இந்த ஊரில் பழைய படகைக் கையில் எடுப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

நான் கடற்படையில் ஷிப்ரைட்டாக, அதாவது கப்பல் தச்சனாக, இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது மேலூர்ப் பக்கம் இருக்கிறேன். உள்ளூர் ஆசாரி ஒருவரோடு சேர்ந்து 14 அடி டிங்கி ஒன்றை, அதாவது சின்னப் பாய்ப்படகு ஒன்றை, சரிசெய்து மறுபடி ஓட வைத்தேன். கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ சொல்லித்தரும் முறை இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே காற்றிலேயே ஈரம் இருக்கிறது. இங்கே சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பலகைகள் சுருங்கி, இணைப்பு வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பசையையும் பைபரையும் அள்ளி அப்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன படகு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடற்படையில் கழித்த பொருள்கள் ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து கை மாறி வரும் படகுகள்தான் நமக்குக் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன் ஏலச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பின்னால் கடற்கரையில் போலீசார் கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.

பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஓட்டுக்கூரை போல ஏறி இருந்தால் அது கிளிங்கர் கட்டு. ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பும் அடுத்த பலகையின் மேல் விளிம்பைத் தழுவி, இரண்டையும் செம்பு ஆணி ஊடுருவிப் பிடித்திருக்கும். உள்ளே விலா எலும்பு போல மெல்லிய வளைந்த சட்டங்கள், அதாவது வங்குகள், வரிசையாக ஓடும். முனை இரண்டு பக்கமும் கூராக, 27 அடி நீளம் இருந்தால் அது மான்டேகு வேலர் என்னும் பெரிய கடற்படைப் படகு. அதைத் தனி ஆளாகச் சரிசெய்ய நினைக்காதீர்கள். பக்கவாட்டில் பிளைவுட் தகடுகள் கோணமாக மடிந்து சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் என்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் 1956-ல் வடிவமைத்த படகு, நீளம் 4.04 மீட்டர். நம் கடற்படையும் என்.சி.சி. மாணவர்களும் இதில் பாய் பழகுகிறார்கள். பிளைவுட் படகுக்கு எபாக்சி என்னும் பிசின் நல்ல மருந்து. கிளிங்கர் படகுக்கு அதே எபாக்சி விஷம். நான் இனிச் சொல்வதெல்லாம் கிளிங்கர் டிங்கிக்கு மட்டும்.

வாங்கும்போது ஒரு குத்தூசியும் சின்ன மரச் சுத்தியலும் கொண்டு போங்கள். நல்ல மரம் தட்டினால் கணீரென்று பேசும், உளுத்தது மொத்தென்று அடங்கிவிடும். குத்தூசியை எங்கே வைக்க வேண்டும் என்றால், முன்கட்டை ஏராவோடு (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) சேரும் அடிப்பகுதி, பின்பலகையின் இரண்டு கீழ் மூலைகள், சென்டர் பிளேட் (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் தகடு) பெட்டியின் அடி, உட்காரும் பலகைகள் பக்கத்தில் முட்டும் இடம். மழைத்தண்ணீர் தேங்கும் இடம் எதுவோ அங்கேதான் மரம் உளுக்கும். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் மரம் அவ்வளவு சீக்கிரம் உளுக்காது. நல்ல தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து. நம் ஊர்ப்பக்கம் தரையில் கிடந்த படகு என்றால் கரையான் மண் கோடு இருக்கிறதா என்று ஏராவின் அடியையும் பாருங்கள். நாலைந்து வங்கு உடைந்திருந்தாலும் இரண்டு பலகை போயிருந்தாலும் வாங்கலாம். ஏரா வளைந்து, நடு உயர்ந்து, முனைகள் தொங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

கொட்டகை

தகரக் கொட்டகை வேண்டாம். கீற்றுக் கொட்டகை போடுங்கள். மேலே தென்னங்கீற்று, மேற்கே மறைப்பு, தரை மண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. காலையும் மாலையும் தரையில் தண்ணீர் தெளித்தால் கொட்டகைக்குள் ஈரம் நிற்கும். படகை ஏராவின் கீழ் மூன்று இடத்தில் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். பக்கக் கட்டைகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும்தான், பாரம் முழுக்க ஏராவில் இறங்க வேண்டும். கட்டைகளின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் கரையான் ஏறாது.

பலகை மாற்றும் வேலையை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது என்பது இந்த ஊரில் பெரிய விஷயம். அக்னி நட்சத்திரத்தில் காய்ந்த பலகையை இறுக்கமாகப் பொருத்திவிட்டால், தண்ணீரில் இறங்கியதும் அது ஊதி, ஆணியை இழுத்து, வங்கை உடைக்கும். அடை மழையில் ஊறிய பலகையைப் பொருத்தினால் கோடையில் வாயைப் பிளக்கும். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை, மார்கழி வரும்போது மரம் நடுவாந்திர ஈரத்தில் இருக்கும். பலகையை அப்போது பொருத்துங்கள். கோடையில் சுரண்டல், பாய்மரம், சுக்கான், இரும்பு வேலைகளைப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன்

பின்பலகையிலோ ஏராவிலோ செதுக்கிய எண் இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள், அதன் மேல் பெயின்ட் சுரண்டவே வேண்டாம். பிறகு படகின் குறுக்கே மூன்று இடத்தில் உள்வடிவத்துக்கு ஏற்றபடி சட்டம் வெட்டி உள்ளே நிறுத்துங்கள். உட்காரும் பலகைகளை எடுத்ததும் படகு அகலத்தில் தளர்ந்து விரியும். சட்டம் இல்லாமல் கழற்றினால் அதன் பழைய வடிவம் திரும்பி வராது. டியூப் மட்டம் பிடித்து ஏரா நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த சாண்ட்பேப்பரால் தேய்த்தால் அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் நனைத்துத் தேயுங்கள், சுரண்டுங்கள், நல்ல முகமூடி போடுங்கள். குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். சுரண்டிய செதில்களை வயலோரம் கொட்டாமல் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தீ வைத்துப் பெயின்ட் உரிப்பது கூடவே கூடாது, அந்தப் புகையும் ஈயம்தான்.

பலகையும் வங்கும்

வேலை தொடங்கியபோது எங்கள் ஆசாரி கேட்டார்: “எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்? வெளிய ஒரு பைபர் அடிச்சு விட்டுருவோமே, சொட்டுத் தண்ணி வராது.” இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கிளிங்கர் படகு ஊதவும் சுருங்கவும் வேண்டும். பலகைகள் தண்ணீரில் ஊதி ஒன்றையொன்று நெருக்கித்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. பைபர் அந்த அசைவோடு போகாது. ஒரு வருடத்தில் எங்காவது விட்டுக்கொடுக்கும். அந்த இடுக்கில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்துக்குள் இருந்து உளுக்க வைக்கும். பைபர் அடித்த படகை அடுத்து ஒருவர் சரிசெய்ய நினைத்தால் பலகை முழுவதையும் இழந்துதான் உரிக்க வேண்டும். ஆனால் செம்பு ஆணியை யாரும் எப்போதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது அடிக்கலாம். ஆசாரி கேட்டுக்கொண்டார். கட்டில் கால் கடையும் கையால் இரண்டு வாரத்தில் என்னைவிடச் சுத்தமாக ஆணி மடக்கினார்.

பழுதான பலகையைக் கழற்ற, உள்பக்கம் இருக்கும் செம்பு வில்லையின் மேல் மடிந்த ஆணி முனையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய இரும்புப் பஞ்ச் கருவியால் ஆணியை வெளியே தட்டுங்கள். பலகை உடையாமல் வந்தால் அதுவே புதுப் பலகைக்கு அளவு. முழுப் பலகையும் கெட்டிருக்க வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, சாய்வு இணைப்பில் புதுத் துண்டைச் சேர்க்கலாம். சாய்வின் நீளம் பலகையின் கனத்தைப் போல் எட்டு மடங்கு. 8 மில்லிமீட்டர் பலகைக்கு 64 மில்லிமீட்டர் சாய்வு. வெளியே தெரியும் விளிம்பு பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் ஓடும் தண்ணீர் அதைத் தூக்காது. இந்த ஓர் இடத்தில் மட்டும் எபாக்சி போடலாம். பலகை மேல் பலகை ஏறும் இடத்தில் எதுவும் பூசாதீர்கள், மரத்தோடு மரம் படியட்டும். இழைப்புளியால் சாய்வு எடுத்து, இரண்டு முகமும் முழுக்க ஒட்டும்வரை சரிபார்ப்பதுதான் அங்கே வேலை.

மரம் வாங்கும்போது மரக்கடையில் நேரான ரேகை உள்ள தேக்கு கேளுங்கள். முடிச்சு இருக்கவே கூடாது. சூளையில் உலர்த்தியதைவிட நிழலில் காற்றாட உலர்ந்த பலகை மேல். முனைகளில் முட்டுக் கொடுக்கும் வளைந்த கட்டைகளுக்குப் பூவரசு போதும். இயல்பாகவே வளைந்த கிளையாகப் பார்த்து எடுங்கள், ரேகை வளைவோடு ஓடும்.

இனி வங்கு. இதில்தான் படகு வேலையின் இன்பம் இருக்கிறது. எனக்கு ஒத்துவந்தது முசுக்கொட்டை மரம். ஹாக்கி மட்டை செய்ய எடுக்கிறார்களே, அதே மரம். பச்சையாக, ரம்பத்தால் அறுக்காமல் ரேகையோடு பிளந்து எடுத்தால் உடையாது. காய்ந்த மரத்தை எவ்வளவு வேகவைத்தாலும் வளைவில் நார் எழும்பிவிடும்.

ஆவிப்பெட்டிக்கு பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், சூட்டில் தொய்ந்துவிடும். ஏழடி நீளத்துக்குப் பலகையால் பெட்டி அடித்து, உள்ளே வங்கு காற்றில் தொங்கும்படி குறுக்கே கம்பிகள் போடுங்கள். விறகடுப்பில் மூடிய டின் வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாயால் ஆவியைப் பெட்டிக்குள் விடுங்கள். பெட்டியின் கடைசியில் துணி அடைத்தால் போதும், இறுக்கி மூடினால் வெடிக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அரை அங்குல வங்கு அரை மணி நேரத்தில் தயார். பெட்டியைத் திறந்ததும் பேச்சே கூடாது. ஒருவர் கையுறையோடு எடுத்துக் கொடுக்க, படகுக்குள் நிற்பவர் அடியை ஏராவில் ஊன்றிக் காலால் மிதித்து வளைக்க, மூன்றாமவர் மேல் முனையை கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். எல்லாம் அரை நிமிடத்துக்குள். அதற்குமேல் வங்கு விறைத்துவிடும். கொஞ்சம் கூடுதலாக வளைத்துவிட்டுத் திருப்பினால் படகின் உடலோடு அழுந்தி உட்காரும். வேண்டியதைவிட நாலு வங்கு அதிகமாகப் பிளந்து வையுங்கள், சிலது உடையத்தான் செய்யும்.

ஆணி சதுரக் கம்பி செம்பாக இருக்க வேண்டும். வீட்டு எர்த்துக்குப் போடும் உருண்டைச் செம்புக் கம்பியை வெட்டி அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்காதீர்கள், அது துளைக்குள் பிடிக்காமல் சுற்றும். சதுர ஆணியைப் படகுச் சாமான் விற்கிறவர்களிடமிருந்து வரவழையுங்கள். வில்லையை மட்டும் நாமே செய்யலாம். வெண்கலக் கடைத் தெருவில் செம்புத் தகடு வாங்கி, வட்டமாகத் துளைத்து, சற்றுக் குழிவாகத் தட்டிக்கொண்டால் சரி. ஆணியைவிட ஒரு மயிரிழை சிறிய துளை போட்டு வெளியிலிருந்து அடிக்கவும். ஒருவர் வெளியே ஆணித் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் வில்லையை ஏற்றி, குழல் போன்ற பஞ்ச் கருவியால் இறக்கி, மிஞ்சிய முனையை ஓர் ஆணிக்கனம் விட்டு வெட்டி, உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகப் பலமுறை தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே முழங்கை போட்டுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிடி இருக்காது.

திருகாணி வேண்டிய இடத்தில் பித்தளை வேண்டாம். கடல் நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்று, மிச்சத்தைப் பொடியாக விட்டுவிடும். சிலிகான் வெண்கலம் கேட்டு வாங்குங்கள்.

ஏராவும் முதல் பலகையும் சேரும் இடுக்கில் மட்டும் பருத்தி நூலை லேசாகத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசலாம். கடலோரத் தச்சர்கள் காலங்காலமாகச் செய்வது அது. இறுக்கித் திணித்தால் பலகை ஊதும்போது ஏராவை விட்டே விலகும்.

சென்டர் பிளேட், பூச்சு, பாய்

டிங்கியில் தண்ணீர் வருகிறது என்றால் பத்தில் எட்டு முறை சென்டர் பிளேட் பெட்டிதான் காரணம். பெட்டியை ஏராவோடு பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நடுவில் மெலிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இடையில் கசிவு தடுக்கும் புதுப் படிமானப் பூச்சு வைத்து இறுக்குங்கள். இரும்புத் தகடு துருவேறியிருந்தால் கால்வனைஸ் செய்து வாங்குங்கள்.

உள்பக்கம் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து, மரம் குடிக்கும் வரை சூடாகப் பூசுங்கள். வெளியே பிரைமர், பெயின்ட். கருநீலமோ கருப்போ அடிக்காதீர்கள். நம் வெயிலில் கருநிறப் பலகை தொட முடியாமல் சுடும், சூடு ஏற ஏற மரம் பிளக்கும். வெள்ளை அல்லது கடற்படைச் சாம்பல் நிறம் போதும்.

என் படகில் ஒரு பாய்மரம், பருமலில், அதாவது பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கழியில், தொங்கும் நாற்கோணப் பெரிய பாய், முன்னால் கோசுப்பாய் என்னும் சின்னப் பாய். பாய் தைக்க வெளியூர் போகவில்லை. அழகர் திருவிழாவுக்கு உடை தைக்கும் புது மண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். பழைய பாயை அளவுக்குக் கொடுத்து, பாலியெஸ்டர் பாய்த்துணியும் வாங்கிக் கொடுத்தால் கோணல் தையலில் அருமையாகத் தைத்துத் தருவார்கள். நேர்த்தையல் வேண்டாம், இழுவையில் நூல் அறும். பழைய பாயை அயர்ன் செய்து கொடுக்காதீர்கள். அதன் வயிற்று வளைவு தட்டையாகிவிடும், அந்த வளைவில்தான் படகு ஓடுகிறது.

ஊற வைத்தல்

புதிதாகச் சேர்த்த படகைத் தண்ணீரில் தள்ளினால் சல்லடையாக ஒழுகும். பயப்படத் தேவையில்லை. ஒரு வாரம் முன்பிருந்தே உள்ளே ஈரச் சாக்கு விரித்துக் காலை மாலை நனையுங்கள். ட்ரெய்லரில் இருக்கும்போது விளிம்புவரை தண்ணீர் நிரப்பாதீர்கள். ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏறி, நீங்கள் பார்த்துப் பார்த்து வளைத்த வங்குகள் உடையும். அடியில் நாலு விரல் ஆழம் போதும். நனைக்கும் தண்ணீரில் தூத்துக்குடிக் கல்லுப்பு கலந்தால் உளுப்பு அண்டாது.

பிறகு கண்மாயில் இறக்கி, கரையில் கட்டி, இரண்டு இரவு விட்டுவிடுங்கள். முதல் நாள் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மறுநாள் ஒழுக்கு பாதியாகும். அதன்பிறகும் ஒரே இடத்தில் நூலாக வந்தால் அங்கே மட்டும் ஆணி பாருங்கள்.

கண்மாயில் பழகுங்கள், அப்புறம் தொண்டி

பெரியாற்றுத் தண்ணீரும் மழையும் சேர்ந்து மேலூர்க் கண்மாய்கள் நிறைந்திருக்கும் காலம் பழகுவதற்கு நல்லது. ஊர்க்காரர்களிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்கள் வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கண்மாய்க்குள் நட்ட கருவேல மரங்கள் தண்ணீர் ஏறியதும் மறைந்து நிற்கும், சென்டர் பிளேட் அதில் மாட்டும். தகட்டைப் பாதி தூக்கி வைத்து ஓட்டுங்கள். வைகை அணையில் இறக்க நினைத்தால் நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

முதல் பாடம் நிறுத்துவது. பாயின் கீழ் மூலையைப் பிடிக்கும் கயிறு தாமான். அதைக் கையை விட்டால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். அதனால்தான் தாமானை எங்கும் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது, எப்போதும் கையில் இருக்க வேண்டும். பாய் ஏற்றும்போது படகின் முன்முனையான அணியம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். பாயை மேலே ஏற்றும் கயிறான ஆஞ்சானை இழுத்து, பாயின் முன்விளிம்பு விறைப்பாகும்வரை கட்டுங்கள். அது தளர்ந்தால் காற்றுக்கு எதிராக ஏறவே முடியாது.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. காற்று வரும் திசையிலிருந்து 50 பாகைக்கு மேல் விலகி, இடமும் வலமும் மாறி மாறி ஏற வேண்டும். திரும்பும்போது வேகம் எடுத்துக்கொண்டு, சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் நிதானமாகத் தள்ளுங்கள். கனமான மரப்படகு, சட்டென்று திருப்பினால் நின்றுவிடும். நடுவில் மாட்டிக்கொண்டால் கோசுப்பாயைத் திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள், காற்றே அணியத்தைத் தள்ளிவிடும். காற்று முதுகில் இருக்கும்போது திரும்புவது வேறு. பாயின் அடிக்கழியான பூம் ஒரே வீச்சில் மறுபக்கம் வரும், தலை குனியாதவரைச் சாய்க்கும். தாமானை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பி, பிறகு மெதுவாக விடுங்கள்.

பாக் நீரிணைக்குப் போக மாசி, பங்குனி நல்ல மாதங்கள். தொண்டிப் பக்கம் கரை ஆழமில்லாதது, பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் ஊர்க்காரர்களுக்குக் காற்று அத்துபடி. இறங்குமுன் அவர்களிடம் கேளுங்கள், “அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?” என்றால் சாயங்காலம் வரை விவரம் சொல்வார்கள். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும். அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கரையோரம் தண்ணீர் குளம்போலக் கிடக்கும், அதை நம்பி இறங்கினால் திரும்பி வர முடியாமல் வெளியே கொண்டுபோய்விடும். வாடைக் காலத்தில் அலை நேராகக் கரையில் மோதும், சின்னப் படகு இறக்கவே முடியாது. அலையின் தலையில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிய ஆரம்பித்ததும் பாயைச் சுருக்கிக் கட்டுங்கள். சுருக்கலாமா என்று யோசனை வந்த நேரமே சுருக்க வேண்டிய நேரம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே இறங்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், பலகைக்கு அடியில் அல்ல. பழைய டிங்கி கவிழ்ந்தால் விளிம்புவரை தண்ணீர் நிரம்பி மிதக்கும், இறைக்கவே முடியாது. அதற்கு உட்காரும் பலகைகளுக்கு அடியில் காற்றடைத்த லாரி டியூப்களைப் பட்டைக் கயிற்றால் கட்டி வையுங்கள். ஒரு லிட்டர் காற்று கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும், 200 லிட்டராவது இருக்கட்டும். கட்டு பலமாக இல்லாவிட்டால் டியூப் மட்டும் மேலே வந்துவிடும். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள்.

திரும்பி வரும்போது தொண்டியிலிருந்து மதுரைவரை நெடுஞ்சாலைக் காற்று படகைக் காயப் போட்டுவிடும். உள்ளே ஈரச் சாக்கு போட்டு, மேலே துணி இழுத்துக் கட்டி வாருங்கள். கொட்டகைக்கு வந்ததும் அடியிலுள்ள வடிகால் மூடியைக் கழற்றுங்கள், மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது. கழற்றிய மூடியைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த முறை கரையில் சுக்கானை மாட்ட எடுக்கும்போது மூடியும் கையோடு வந்துவிடும்.